ஹாஸ்பிஸின் தரத்தை எடைபோடுவது எப்படி

குணமாகும் கட்டத்தை நோய் தாண்டிவிட்ட ஒருவருக்கு வலியையும் மூச்சுத்திணறலையும் புண்ணையும் பயத்தையும் தணித்து, மிச்சமிருக்கும் நாள்களை அவர் விரும்பியபடி கழிக்க உதவும் பராமரிப்புக்கு ஹாஸ்பிஸ் என்று பெயர். சில ஊர்களில் அது படுக்கைகள் உள்ள ஓர் இல்லம். பல ஊர்களில் அது வீடு தேடி வரும் மருத்துவர், செவிலியர், தன்னார்வலர் அடங்கிய ஒரு குழு. முதியோர் இல்லமும் ஹாஸ்பிஸும் வேறு வேறு. ஆதரவற்றோரைத் தங்கவைத்துச் சோறு போடும் இடமெல்லாம் ஹாஸ்பிஸ் ஆகிவிடாது. பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும், மருத்துவ அறிவோடு வலியைத் தணிக்கும் ஏற்பாடு உள்ளே இருக்கிறதா என்பதுதான் கணக்கு.

இன்றைய ஹாஸ்பிஸ் முறைக்கு வித்திட்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ். செவிலியராகவும் பின்பு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்த அவர், இறுதிக்கால நோயாளிகளின் வலியை மருத்துவர்கள் போதிய அளவு பொருட்படுத்தவில்லை என்று கண்டு, தானே மருத்துவம் படித்தார். 1967இல் தெற்கு லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். உடல் வலியோடு மனவலி, குடும்பக் கவலை, பணக் கவலை, ஆன்மிகத் தவிப்பு எல்லாம் பின்னிக் கிடப்பதே இறுதிக்கால நோயாளியின் முழு வலி என்று அவர் விளக்கினார். இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸான சாந்தி அவேதனா 1986இல் மும்பையில் தொடங்கியது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களும் தொடங்கிய வலித் தணிப்புச் சங்கம், கேரளம் முழுவதும் ஊர்மக்களே நடத்தும் வீட்டுப் பராமரிப்பாக வளர்ந்தது. சென்னையில் ஜீவோதயா புற்றுநோயாளிகளைக் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து செய்யப்படும், வலியைத் தணிக்கும் இத்தகைய பராமரிப்பான நோய் ஆதரவு சிகிச்சையும் ஓர் அங்கம்.

இந்தச் சேவையைத் தேடும் நேரம் நிதானமாக விசாரிக்கக்கூடிய நேரமாக அமைவதே இல்லை. பெரிய மருத்துவமனையில், "இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். கையில் ஃபைலோடு நிற்கும் மகனோ மகளோ அன்று மாலைக்குள் ஒரு முடிவெடுக்க வேண்டும். தவறான இடத்தில் சேர்த்துவிட்டால் அதைத் திருத்திக்கொள்ள இன்னொரு வாய்ப்பு பெரும்பாலும் கிடைக்காது. அவசரத்தில் கண்ணில் படுபவை தோட்டம், டைல்ஸ் தரை, ஏ.சி. அறை, பிரார்த்தனைக் கூடம். இவை இருந்தால் நல்லதுதான். ஆனால் இவற்றில் எதுவும் பராமரிப்பின் தரத்தைச் சொல்லாது.

தரத்தைச் சொல்வது முதலில் வலி. வலி எவ்வளவு என்று நோயாளியிடம் கேட்கிறார்களா, கேட்டதை எழுதுகிறார்களா, மருந்து கொடுத்த பிறகு மறுபடி வந்து கேட்கிறார்களா என்று பார்க்க வேண்டும். வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து என்று நோயாளியையே எண் சொல்லச் சொல்வது உலகெங்கும் உள்ள வழக்கம். பேச முடியாதவருக்கு முகச் சுளிப்பு, முனகல், தொட்டால் உடம்பை இறுக்கிக்கொள்வது இவற்றைப் பார்த்து மதிப்பிடுவார்கள். படுக்கையருகே தொங்கும் தாளில் காலை ஆறு மணிக்கு வலி எட்டு, மார்ஃபின் மாத்திரை 10 மில்லிகிராம், ஏழு மணிக்கு வலி நான்கு என்று எழுதியிருந்தால், அங்கே வேலை நடக்கிறது என்று பொருள். மார்ஃபின் மாத்திரை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்துவிடும். அதனால் அந்த ஏழு மணிப் பதிவுதான் முக்கியம். பத்து நாளும் 'வலி பரவாயில்லை' என்ற ஒரே வரி எழுதப்பட்ட தாள், யாரும் கேட்கவில்லை என்பதற்கு அத்தாட்சி.

அடுத்து நேரடியாகக் கேட்க வேண்டிய கேள்வி, "உங்களிடம் மார்ஃபின் மாத்திரை இருக்கிறதா?" என்பது. இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலிலேயே பாதி உண்மை தெரிந்துவிடும். கடுமையான புற்றுநோய் வலிக்கு வாய்வழி மார்ஃபின்தான் அடிப்படை மருந்து என்று உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே வழிகாட்டிவிட்டது. விலையும் அதிகமில்லை. ஆனால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு உரிமங்களைக் கேட்டதால், பல மருத்துவமனைகள் தொல்லையே வேண்டாம் என்று இந்த மருந்தைக் கைகழுவிவிட்டன. மருந்துக்கென்றே அபின் பயிரிட்டு வெளிநாடுகளுக்கு அனுப்பும் நாட்டில், ஏழை நோயாளி வலியில் துடித்துச் சாவது கொடுமையிலும் கொடுமை. 2014இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம், பயிற்சி பெற்ற மருத்துவரின் பொறுப்பில் மார்ஃபினை இருப்பு வைக்கலாம். வந்த மாத்திரை, கொடுத்த மாத்திரை, மீதி மாத்திரை எல்லாவற்றுக்கும் பதிவேடு உண்டு. ஆகவே மார்ஃபின் இருக்கிறது என்று சொல்லும் இடத்தில் அங்கீகாரமும் பயிற்சி பெற்ற மருத்துவரும் ஒழுங்கான பதிவேடும் இருக்க வேண்டும். "அதெல்லாம் வைப்பதில்லை, வலித்தால் ஊசி போடுவோம்" என்று சொல்லும் இடத்தில், கடும் வலிக்கு நாள் முழுவதும் ஈடுகொடுக்கும் வழி இல்லை.

மருந்து இருந்தால் மட்டும் போதாது. கொடுக்கும் முறையும் சரியாக இருக்க வேண்டும். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் சுமார் நான்கு மணி நேரம் நிற்கும். எனவே வலி வந்தாலும் வராவிட்டாலும் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். நடுவில் திடீரென்று வலி கிளம்பினால் கொடுக்க ஒரு கூடுதல் வேளை தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். மார்ஃபின் சாப்பிடுபவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் மலச்சிக்கல் வரும் என்பதால், முதல் நாளிலிருந்தே பேதி மருந்தும் சேர்ந்து வர வேண்டும். மார்ஃபின் சீட்டில் பேதி மருந்து இல்லையென்றால், எழுதியவருக்கு இந்தத் துறையில் பழக்கம் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். விழுங்க முடியாத கடைசி நாள்களில், தோலுக்கடியில் சிறு ஊசியைப் பொருத்தி அதன் வழியே மருந்து கொடுப்பார்கள். அது அங்கே நடக்குமா என்றும் கேட்டுவைக்க வேண்டும்.

"மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்", "பழக்கம் ஆகிவிடும்" என்ற பயம் குடும்பங்களில் பரவலாக உண்டு. வலிக்கு ஏற்ற அளவில் படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. நல்ல ஹாஸ்பிஸ் இதைக் குடும்பத்தாரை உட்காரவைத்துப் பொறுமையாக எடுத்துச் சொல்லும்.

இரண்டாவது சோதனை இரவு. வலியும் மூச்சுத்திணறலும் பயமும் நடுச்சாமத்தில்தான் கூடும். பகல் பத்து மணிக்கு எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். சனிக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு வலி தாங்க முடியாமல் போனால் எந்த நம்பருக்கு அழைப்பது, எடுப்பவர் நோயாளியின் பெயரைச் சொன்னதும் விவரம் தெரிந்துகொள்ளும் செவிலியரா, அல்லது காலையில் கூப்பிடுங்கள் என்று சொல்லும் வாட்ச்மேனா என்று விசாரிக்க வேண்டும். கேட்பதோடு நிறுத்தாமல், சேர்ப்பதற்கு முன்பே ஓர் இரவு அந்த நம்பரை அழைத்துப் பார்ப்பதில் தவறே இல்லை. வீட்டுப் பராமரிப்பாக இருந்தால், அவசரத்துக்கான மருந்துகளை முன்கூட்டியே உறையில் போட்டு, எதற்கு எது என்று தமிழில் எழுதி, வீட்டில் உள்ள ஒருவருக்குக் கொடுக்கவும் கற்றுத்தந்துவிட்டுப் போகிறார்களா என்பதைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்த இரவுக் கேள்வி அதிகாரபூர்வமான அளவுகோலாகவே ஆகிவிட்டது. அங்கே அரசின் மெடிகேர் காப்பீடு ஹாஸ்பிஸ் செலவை ஏற்கிறது. நோயாளி இறந்து சில மாதங்கள் கழிந்த பின், அவரைப் பார்த்துக்கொண்டவருக்குக் கேள்வித்தாள் அனுப்பப்படுகிறது. உதவி கேட்டபோது உடனே கிடைத்ததா, மாலையிலும் வார இறுதியிலும் விடுமுறை நாளிலும் கிடைத்ததா, வலிக்குத் தேவையான உதவி கிடைத்ததா, மரியாதையோடு நடத்தினார்களா என்றெல்லாம் அதில் கேட்கிறார்கள். கடைசி மூன்று நாள்களில் குறைந்தது இரண்டு நாளாவது செவிலியரோ சமூகப் பணியாளரோ நேரில் வந்து பார்த்த நோயாளிகள் எத்தனை சதவீதம் என்ற கணக்கும் நிறுவனவாரியாக வெளியிடப்படுகிறது. உயிர் பிரியும் நேரத்தில் வராத குழு அதற்கு முன் எத்தனை முறை வந்திருந்தாலும் குறைதான் என்ற தெளிவு அந்தக் கணக்கில் இருக்கிறது. இங்கே அப்படி ஒப்பிட்டுப் பார்க்கப் பொதுப் பட்டியல் கிடையாது. ஆனால் அதே கேள்விகளை, அந்த ஹாஸ்பிஸில் முன்பு உறவினரைச் சேர்த்திருந்த இரண்டு மூன்று குடும்பங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள யாராலும் முடியும். விளம்பரத்தைவிட அவர்கள் சொல்வதற்கே மதிப்பு அதிகம்.

நோயாளியின் உடம்பும் சாட்சி சொல்லும். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைப்பது பொது வழக்கம். திருப்பாவிட்டால் இடுப்பின் கீழ்ப்பகுதியிலும் குதிகாலிலும் தோல் சிவந்து, பின் உடைந்து, படுக்கைப் புண் ஆகும். கடைசி நாள்களில் சில புண்களைத் தடுக்க முடியாமல் போகலாம். ஆனாலும் வார்டில் பலருக்கும் ஆழமான புண் இருந்தால், அங்கே கை போதவில்லை என்று அர்த்தம். உதடு வெடித்து, நாக்கில் வெள்ளை படிந்திருந்தால், வாய் சுத்தம் செய்ய ஆளில்லை. புற்றுநோய் தோலை உடைத்துக்கொண்டு வெளியே வரும்போது எழும் நாற்றம் நோயாளியைக் கூனிக் குறுகவைக்கும்; பேரப்பிள்ளைகள்கூடக் கிட்டே வரத் தயங்குவார்கள். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் அந்த நாற்றம் பெரிதும் அடங்கும். மிக மலிவான இந்த வைத்தியத்தை வீட்டாருக்கும் சொல்லித்தரும் செவிலியர் இருக்கும் இடம் நம்பத் தகுந்த இடம்.

ஆள்களைப் பற்றியும் கேட்க வேண்டும். மருத்துவர் தினமும் வருகிறாரா, வாரம் ஒரு முறையா? அவருக்கும் செவிலியருக்கும் நோய் ஆதரவு சிகிச்சையில் தனிப் பயிற்சி உண்டா? இந்தத் துறையில் எம்.டி. பட்டப்படிப்பு இந்தியாவில் 2012இல்தான் தொடங்கியது. எனவே எல்லா இடத்திலும் அந்தப் பட்டத்தை எதிர்பார்க்க முடியாது. சான்றிதழ்ப் பயிற்சியாவது இருக்க வேண்டும். நோயாளியைக் குளிப்பாட்டித் துடைத்துத் திருப்பிப் போடும் ஆயாக்கள் எத்தனை ஆண்டுகளாக அங்கே வேலை செய்கிறார்கள் என்பது பெரிய மருத்துவரின் பெயரைவிடக் கூடுதலாகச் சொல்லும். மாதத்துக்கு மாதம் ஆள் மாறும் இடத்தில் நோயாளியின் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

பேச்சு எப்படி இருக்கிறது என்பது இன்னொரு அளவுகோல். "அப்பாவிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள்" என்று பிள்ளைகள் கேட்டுக்கொள்வது தமிழ்க் குடும்பங்களில் வழக்கம். நோயாளிக்கோ பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். பிள்ளைகளுக்காக அவரும் தெரியாதவர்போல இருப்பார். திறமையான குழு போட்டு உடைக்கவும் மாட்டாது, பொய் சொல்லவும் மாட்டாது. அவருக்கு என்ன தெரியும், இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே மெதுவாகக் கேட்கும். வென்டிலேட்டர் வேண்டுமா, கடைசி நேரம் வீட்டில் கழிய வேண்டுமா என்பதையும் கேட்டு எழுதிவைக்கும். உயிர்காக்கும் கருவிகள் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. 2023இல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றொப்பம் பெற்றால் போதும் என்றது. இதை விளக்கத் தெரிந்தவர் குழுவில் இருக்க வேண்டும்.

சாப்பாடு நின்றதும் "பாட்டிலாவது ஏற்றுங்கள்" என்று உறவினர்கள் கெஞ்சுவார்கள். உடம்பு அடங்கும் கட்டத்தில் ஏற்றும் நீர் நுரையீரலிலும் காலிலும் தேங்கி மூச்சை இன்னும் கஷ்டப்படுத்தலாம். அதை விளக்கி, உதட்டை நனைத்துக்கொண்டிருக்கக் கற்றுத்தருவது நல்ல பராமரிப்பு. பில்லைக் கூட்டவோ வாயை அடைக்கவோ பாட்டில் மாட்டுவது அப்படியல்ல.

சில அடையாளங்களைக் கண்டால் விலகிவிட வேண்டும். புற்றுநோயைக் குணப்படுத்துவோம் என்று வாக்குக் கொடுப்பது, குடும்பத்தாரைப் பார்க்க விடாமல் தடுப்பது, நோயாளியைக் கட்டிலில் கட்டிவைப்பது, பதிவேட்டைக் காட்ட மறுப்பது, நிலைமை மோசமானதும் ஆம்புலன்ஸில் ஏற்றி வேறு எங்கோ அனுப்பிவிடுவது ஆகியவை அவை. புற்றுநோய் இல்லாதவர்களை, அதாவது சிறுநீரகம் செயலிழந்தவர், இதயம் பலவீனமானவர், மறதி நோய் முற்றியவர் போன்றவர்களைச் சேர்த்துக்கொள்ளாத இடங்களும் உண்டு. அதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டால் கடைசி நேர அலைச்சல் மிச்சம். கட்டணம் வாங்கும் இடமென்றால் மருந்து, டயப்பர், டிரெஸ்ஸிங் செலவு தனியா சேர்த்தா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

உயிர் பிரிந்த பிறகும் ஹாஸ்பிஸின் வேலை மிச்சமிருக்கிறது. வீட்டில் இறந்தவருக்குச் சிகிச்சை அளித்துவந்த மருத்துவர் இறப்புக்கான காரணத்தைப் படிவம் 4ஏ-இல் சான்றளிக்க வேண்டும். மயானத்திலும், 21 நாள்களுக்குள் இறப்பைப் பதிவு செய்யும்போதும் அந்தத் தாளைக் கேட்பார்கள். விடிகாலையில் இறந்தால் சான்றிதழ் தர யார் வருவார் என்பதை முன்பே சொல்லிவைக்கும் குழு, குடும்பத்தை ஒரு பெரிய அலைச்சலிலிருந்து காப்பாற்றும். மீதி மார்ஃபின் மாத்திரைகளை எண்ணி, கையெழுத்து வாங்கித் திரும்ப எடுத்துக்கொள்வதும் அதன் பொறுப்பே. பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கலைந்த பின்பு, தனித்துவிடப்பட்ட மனைவியையோ கணவரையோ பார்க்கச் சமூகப் பணியாளரோ தன்னார்வலரோ வருவாரா, எத்தனை மாதம் தொடர்பில் இருப்பார் என்பதையும் சேர்க்கும்போதே கேட்டுக்கொள்ளலாம்.