குண்டு விழுந்த ஞாயிறும் அப்பாவின் விண்ணப்பமும்

(கொட்டாஞ்சேனையில் நடந்த சங்கக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



கொழும்பில் குண்டு என்றால் உங்களில் பலருக்கு 1996இல் மத்திய வங்கியில் வெடித்ததுதான் ஞாபகம் வரும். நான் சொல்லப்போவது பழைய கதை. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. எனக்கு ஏழு வயது.

நாங்கள் இங்கே கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். தேயிலைத் தோட்டமல்ல, கொழும்பில் வரிசை வீடுகளுக்கும் தோட்டம் என்றுதானே பெயர்! அப்பா துறைமுகத்தில் கரி சுமந்தார். காலை எட்டு மணி இருக்கும். விமானங்களைப் பார்த்து, நம்ம விமானம் என்று நாங்கள் கைதட்டினோம். துறைமுகப் பக்கம் தரை அதிர்ந்தது. அம்மா தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்தார். அடுப்பிலிருந்த ஆப்பம் கருகிய வாசனை இன்னும் என் மூக்கில் நிற்கிறது. குண்டுகள் அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் விழுந்தன என்று பிறகு கேள்விப்பட்டோம்.

மறுநாளே ஊர் காலியாகத் தொடங்கியது. கையில் அகப்பட்டதைக் கட்டிக்கொண்டு ரயிலேறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, தனுஷ்கோடி வழியாகத் திருச்சிப் பக்கம் அப்பாவின் ஊருக்குப் போனோம். பயந்துதான் போனோம், அதில் என்ன வெட்கம்? போர்க்காலத்தில் திரும்பி வருவது சுலபமாயில்லை. பதினெட்டு மாதம் கழித்துத்தான் வந்து சேர்ந்தோம். அப்பா மறுபடி கரி சுமந்தார். மலாயா ஜப்பான் கைக்குப் போயிருந்ததால், நேச நாடுகளுக்கு இலங்கை ரப்பர்தான் பெரிய ஆதாரம். உங்கள் தாத்தா பாட்டிமார் அதற்காக மரம் மரமாய்ப் பால் வெட்டினார்கள்.

1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களில் பெரும்பாலோரை வெளியே நிறுத்தியது. 1949இல் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1க்கு முந்திய ஏழு வருடம், மணமாகாதவரென்றால் பத்து வருடம், இடைவிடாமல் இங்கே இருந்திருக்க வேண்டும். ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அது முறிவு.

அப்பா விண்ணப்பித்தார். விசாரித்த அலுவலர் 1942இல் எங்கே இருந்தாய் என்று கேட்டார். அப்பா உள்ளதைச் சொன்னார். குண்டு ஒரு நாள்தானே விழுந்தது, நீ ஒன்றரை வருடம் ஏன் போனாய் என்றார் அவர். அப்பாவிடம் பதில் இல்லை. விண்ணப்பம் தள்ளுபடியானது.

அதன் பிறகுதான் நான் மலைக்குப் போய், தேயிலை ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்து, இந்தச் சங்கத்தில் சந்தா கட்டினேன். தள்ளுபடிக் கடிதத்தை அம்மா தங்கச்சியின் பிறப்புச் சான்றிதழோடு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். இன்று கொண்டு வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் பார்க்கலாம். மடிப்பில் கிழிந்திருக்கிறது, மெதுவாகத் தொடுங்கள்.