எந்த ஊர் என்று கேட்க முதல்

(எமது சங்க அங்கத்தவர்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மேடைப் பேச்சாளன் அல்ல. ஏ.எல். வரைதான் படித்தவன். இங்கே ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற வேலை. புதிதாக வருகிற ஆக்களை எப்படிக் கதைக்க வைப்பது என்று சொல்லும்படி செயலாளர் அண்ணை கேட்டார். என் அனுபவத்தையே சொல்கிறேன்.

2011இல் நான் சுவிசுக்கு வந்தனான். புகலிடம் கேட்டு வருகிறவர்களை மாநிலங்களின் சனத்தொகைக்கு ஏற்றபடி பிரித்து அனுப்புவது இந்த நாட்டு முறை. எனவே எனக்குத் தெரிந்த ஒருவரும் இல்லாத மாநிலம் எனக்குக் கிடைத்தது. தமிழ் முகம் பார்க்கலாம் என்று இந்தச் சங்கத்தின் விழாவுக்கு ஆசையோடு வந்தேன். கடைசி வரிசையில் இருந்தேன். மூன்று மணித்தியாலத்தில் ஒருவர்தான் கதைத்தார். "தம்பி எந்த ஊர்? ஊரில எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி?" அவர் கேட்டது கோயிலை அல்ல என்பது உங்களுக்கும் விளங்கும். அடுத்த கேள்வி, "விசா கிடைச்சிட்டுதோ?" சாப்பாட்டுப் பார்சலை எடுத்துக்கொண்டு போனவன், இரண்டு வருடம் இந்தப் பக்கம் வரவில்லை.

அவரில் பிழை சொல்லவில்லை. எங்கள் சனத்துக்குப் பழகிய கேள்விகள் அவை. ஆனால் 2009க்குப் பிறகு வந்த ஒருவரிடம் "குடும்பத்தில எத்தனை பேர்?" என்று கேட்டால், அவர் இருக்கிறவர்களை எண்ணுவதா, இல்லாதவர்களையும் சேர்த்து எண்ணுவதா?

ஜேர்மன் மொழி வகுப்பிலும் ஒன்று நடந்தது. அறிமுகமாவதற்கென்று இங்கே சில விளையாட்டுகள் வைப்பார்கள். பனியை உடைக்கிற விளையாட்டு என்று அதற்குப் பெயர். அன்றைக்கு ஆசிரியை, ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி இரண்டு உண்மையும் ஒரு பொய்யும் சொல்ல வேண்டும், எது பொய்யென்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். எனக்குப் பக்கத்தில் இருந்த அண்ணை எழும்பி வெளியே போய்விட்டார். பிறகு சொன்னார்: "விசாரணையில நான் சொன்ன உண்மையையே பொய்யெண்டு எழுதி அனுப்பினவங்கள். இஞ்ச விளையாட்டுக்கும் பொய் சொல்லட்டாம்."

ஆசிரியை நல்ல மனுசி. வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் நான் அன்றைக்கு ஒன்று படித்தேன். அகதியாக வந்தவனுக்குக் கேள்வி என்றாலே விசாரணைதான். ஆகவே, பதில் சொல்வதால் ஒருவருக்கும் ஒன்றும் பறிபோகாத கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என்னைத் திரும்பச் சங்கத்துக்குக் கொண்டுவந்தது ஒரு தேங்காய். ஒரு விழாவுக்கு முதல்நாள், என்னோடு அறையில் இருந்தவர் கட்டாயப்படுத்திக் கூட்டி வந்தார். குசினிக்குள் இருந்து ஒரு அக்கா, "தம்பி, தேங்காய் திருவ ஆளில்லை, வாரும்" என்று கூப்பிட்டா. ஊரும் கேட்கவில்லை, விசாவும் கேட்கவில்லை. பத்தாவது தேங்காய்க்குள் நானே என் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கைக்கு வேலை கொடுத்தால் வாய் தானாகத் திறக்கும். தொழிற்சாலையிலும் அப்படித்தான். முகத்துக்கு முகம் பார்த்து அல்ல, பக்கத்தில் பக்கத்தில் நின்றுதான் சிநேகிதம் வருகிறது.

இப்போது நாங்கள் செய்து பார்த்த மூன்று விளையாட்டுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, வரிசை. வழக்கமாகப் பிறந்த திகதிப்படி நிற்கச் சொல்வார்கள். வகுப்பில் எரித்திரியா, ஆப்கானிஸ்தான் ஆக்கள் சிலருக்குப் பத்திரத்தில் சனவரி 1 என்று இருந்தது. திகதி தெரியாவிட்டால் அப்படிப் பதிவார்கள். எனவே நாங்கள் அதை மாற்றினோம். வேலைநாளில் எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள்? வாய் திறக்காமல், விரலால் மட்டும் காட்டி, அந்த ஒழுங்கில் நிற்க வேண்டும். கடைசியில் ஒவ்வொருவராக நேரத்தைச் சொல்லுவோம். சென்ற தைப்பொங்கலுக்கு 4 மணிப் பக்கத்தில் ஒரு அம்மாவும் ஒரு பெடியனும் அடுத்தடுத்து நின்றார்கள். இருவரும் பல மாதமாக ஒரே தரிப்பில் முதல் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள். ஒருநாளும் கதைத்ததில்லை. இப்போது பெடியன் பிந்தினால் அம்மா போன் அடிக்கிறா.

இரண்டாவது, ஆள் தேடுகிற தாள். ஒன்பது கட்டம் கீறி, ஒவ்வொன்றிலும் ஒரு விசயம் எழுதுவது. வீட்டுக்குள் கறிவேப்பிலை வளர்ப்பவர், இரவு வேலை செய்பவர், கிளித்தட்டில் கிளியாக நின்றவர், ஜேர்மன் கடிதம் வாசித்துச் சொல்லக்கூடியவர் என்று. மண்டபத்தில் சுற்றித் தேடிப் பெயர் எழுத வேண்டும். ஒருவரின் பெயரை ஒருமுறைதான் எழுதலாம். இங்கே பிறந்த பிள்ளையையும் ஒரு பெரியவரையும் சோடி சேர்த்துவிடுங்கள். பெரியவர் தமிழில் கேட்க, பிள்ளை எழுதும். வீட்டுக்குப் போகும்போது கடிதம் வாசிக்க ஒரு ஆளும் கிடைத்திருக்கும்.

மூன்றாவது, நூல் பந்து. வட்டமாக இருந்து, இந்த நாட்டில் முதல் முதல் வாங்கிய சாமானைச் சொல்லி, நுனியைப் பிடித்துக்கொண்டு பந்தை அடுத்தவருக்கு எறிவது. ஆளை ஆள் தொடத் தேவையில்லாததால் அம்மாமாரும் கூச்சமில்லாமல் இருப்பார்கள்.

நடத்துகிறவர்களுக்கு நாலு சொல். முதல் பதிலை நீங்கள் சொல்லுங்கள். விருப்பமில்லாதவர் "அடுத்தவர்" என்று சொல்லித் தாண்ட விடுங்கள். ஒருவரின் கையிலும் ஒலிவாங்கியைத் திணிக்காதீர்கள். பதினைந்து நிமிசத்தோடு நிறுத்தி, உடனே சாப்பாட்டைப் போடுங்கள். மிச்சத்தைச் சோறும் கறியும் பார்த்துக்கொள்ளும்.

இது ஒன்றும் எங்களுக்குப் புதிதல்ல. ஊரில் வருடப் பிறப்புக்குப் போர்த்தேங்காய் அடித்தவர்கள் நாங்கள். அங்கே எதிரே நிற்பவரின் கதையா கேட்டோம்? தேங்காய் உடையுமா என்றுதானே பார்த்தோம்.

இந்தப் புத்தாண்டு விழாவிலும் கடைசி வரிசையில் ஒருவர் தனியே இருப்பார். அவரிடம் எந்த ஊர் என்று கேட்க முதல், "இந்தக் கதிரையை ஒருக்காப் பிடியுங்கோ" என்று கேளுங்கள். ஊரை அவரே ஒருநாள் சொல்லுவார்.