நிலம் என்பது சர்வே எண்களின் கூட்டல் அல்ல

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



முதலாளித்துவம் நிலத்தை மனைகளாகக் கூறுபோட்டு, சதுர அடிக்கு விலை பேசுகிறது. நிலவமைப்புச் சூழலியலின் பார்வை வேறு. 1939இல் ஜெர்மானியப் புவியியலாளர் கார்ல் டிரோல் இப்பெயரைச் சூட்டினார். வயல், நீர்நிலை, குடியிருப்பு ஆகியவற்றுக்கிடையே நீரும் சத்துகளும் உயிரினங்களும் எவ்வாறு நகர்கின்றன என்பதே அதன் அடிப்படைக் கேள்வி.

கிழக்குக் கொல்கத்தா சதுப்புநிலம் இதற்குச் சிறந்த பாடம். சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இப்பகுதி 2002இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. கொல்கத்தாவின் தரை ஹூக்ளியை நோக்கியல்ல, கிழக்கு நோக்கியே சரிகிறது. எனவே நகரின் கழிவுநீர் கால்வாய்கள் வழியே இங்கு வந்து, 'பேரி' எனப்படும் ஆழமற்ற மீன்குளங்களில் தேங்குகிறது. வெயிலும் பாசியும் நுண்ணுயிர்களும் அதைத் தூய்மைப்படுத்துகின்றன. பாசியை உண்டு மீன் வளர்கிறது. குளத்திலிருந்து வெளியேறும் நீர் நெல்வயலுக்குப் பாய்கிறது. தாப்பாவில் நகரக் குப்பை உரமாகிக் காய்கறி விளைகிறது. மீனும் அரிசியும் காய்கறியும் அதே நகரத்துக்குத் திரும்புகின்றன.

லண்டன் மக்களின் கழிவு மண்ணுக்குத் திரும்பாமல், பெருஞ்செலவில் தேம்ஸ் நதியை மாசுபடுத்துவதை 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் சுட்டிக்காட்டினார். நகரத்துக்கும் மண்ணுக்கும் இடையிலான அந்தப் பிளவைக் கொல்கத்தாவின் மீன் தொழிலாளர்களும் விவசாயிகளும் தம் உழைப்பால் பெருமளவு இணைத்துள்ளனர். இதை உலகறியச் செய்தவர் பொறியாளர் துருபஜோதி கோஷ். ஆனால் அந்த அறிவைத் தலைமுறைகளாக உருவாக்கியவர்கள் உழைப்பாளிகளே.

1960களில் இச்சதுப்புநிலத்தின் வடபகுதியை நிரப்பியே சால்ட் லேக் நகரம் எழுந்தது. எஞ்சிய பகுதியின் நிலப்பயன்பாட்டை மாற்றுவதற்கு 1992இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் தடை விதித்தது. 2006இல் இடது முன்னணி ஆட்சியின்போது தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் ஆக்கிரமிப்பு நின்றபாடில்லை.

ஒரு குளம் நிரப்பப்பட்டால் இழப்பு அந்தக் குளத்தோடு முடிவதில்லை. அதை அடுத்துள்ள வயல் நீரிழக்கிறது. மீன் தொழிலாளி வேலையிழக்கிறார். மழைநீர் வடிய இடமின்றி நகரத்தின் தாழ்ந்த தெருக்களில் தேங்குகிறது. கால்வாய் தூர்ந்தாலும், ஆலைக்கழிவு கலந்தாலும் விளைவு இதுவே. ஆகவே எல்லைக்கல் நட்டு வேலி போடுவதால் மட்டும் இந்நிலத்தைக் காக்க இயலாது. கால்வாய்கள் தூர்வாரப்பட வேண்டும். ஆலைக்கழிவு தடுக்கப்பட வேண்டும். குளங்களுக்குரிய கழிவுநீர்ப் பங்கு உறுதிசெய்யப்பட வேண்டும். அனைத்துக்கும் மேலாக, நிலத்தின் நிர்வாகத்தில் குத்தகை விவசாயிக்கும் மீன் தொழிலாளிக்கும் முடிவெடுக்கும் உரிமை வேண்டும்.

சூழல் பாதுகாப்பையும் நிலவுரிமைப் போராட்டத்தையும் வேறுவேறாக நடத்த முடியாது என்பதே இந்நிலம் இயக்கத்துக்குக் கற்பிக்கும் பாடம்.