கைதட்டல் எந்தப் பக்கம்?

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலே, பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் சிதறுகாய் உடையும் ஓசை காதில் விழும் தொலைவிலே ஒரு தேநீர்க் கடை உண்டு. நெல்லைச் சீமையிலிருந்து வந்து, சாலைக் கடைத்தெருவிலே பலசரக்குக் கணக்கு எழுதிக் காலங் கழித்தவன் நான். மாலைதோறும் அந்தக் கடை விசுப்பலகையிலே வந்து அமர்வேன். என் பக்கத்திலே அமர்பவர் வங்கியிலே வேலை பார்த்து ஓய்வு பெற்ற மலையாள நண்பர். ஆட்டம் எதுவாயினும், அது தொடங்கு முன்னர் அவர் தவறாமல் என்னைக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “அண்ணாச்சி எந்தப் பக்கம்?”

பம்பாயிலும் டெல்லியிலும் பெங்களூரிலும் வாழ்கின்ற அன்பர்களே, உங்களையும் எவரேனும் இப்படிக் கேட்டிருப்பார். வேடிக்கையாகத்தான் கேட்பார்கள். ஆயினும் அந்த வேடிக்கையினுள்ளே, ‘நீர் எங்கள் ஊர்க்காரரா, அல்லரா?’ என்னும் வேறொரு வினாவும் மறைந்திருக்கும். அதற்கு விடை சொல்லி முடிப்பது அவ்வளவு எளிதன்று.

இந்தியா என்னும் ஒரே அணி ஆடும்பொழுது இத்தொல்லை இல்லை என்று எண்ணுவீர்கள். அதுவும் முழு உண்மையன்று. 1988ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் இவ்வூர்ப் பல்கலைக்கழக மைதானத்திலே இந்தியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஒருநாள் பந்தயம் ஆடின. சென்னை ஸ்ரீகாந்த் 101 ஓட்டங்கள் எடுத்தார். மைதானமே ஆர்ப்பரித்தது, நானோ, அந்த நூறையும் நானே அடித்தவன்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். பின்னர் மேற்கிந்தியர் ஒரே ஒரு விக்கெட்டை மட்டும் இழந்து பந்தயத்தை வென்றுவிட்டார்கள். திரும்பி நடந்து வருகையிலே நண்பர் சொன்னார்: “நூறு அடித்தது உங்கள் ஆள், தோற்றது மட்டும் நம் எல்லாருடைய அணி, அல்லவா?” நான் வாய் திறக்கவில்லை.

மாநிலத்தின் பெயரால் ஆடும் ஆட்டங்களிலே வேதனை இன்னும் அதிகம். கால்பந்துக்குரிய சந்தோஷ் கோப்பையைக் கேரளம் முதன்முதலாக வென்றது 1973ஆம் ஆண்டிலே. கொச்சியில் நடந்த இறுதியாட்டத்தில் ரயில்வே அணிக்கு எதிராக மூன்று கோல்களையும் அடித்தவர் தலைவர் மணி. அந்தக் கதையை நண்பர் எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார். அதற்குப் பின் கேரளம் அக்கோப்பையை மேலும் ஆறு முறை வென்றுள்ளது. தமிழ்நாடு ஒரு முறையேனும் வென்றதில்லை. இதை எண்ணிப் பெருமூச்சு விடாத இரவு இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் விட்டதுண்டு. 1992ஆம் ஆண்டு இறுதியாட்டம் நடந்ததோ நம் கோயம்புத்தூரிலே. கோவாவை வென்று கோப்பையைத் தூக்கியது சத்யன் தலைமையிலே ஆடிய கேரளம்! அந்தச் சத்யன் பிற்காலத்தில் இந்தியன் வங்கியிலே சேர்ந்து, சென்னையிலேயே குடியேறி, 2006இல் அங்கேயே மறைந்தார். நான் இங்கே பிழைக்க வந்தேன். அவர் அங்கே பிழைக்கச் சென்றார். சென்னையிலும் ஏதோ ஒரு தேநீர்க் கடையில் அவரை எவரேனும், “சார், நீங்கள் எந்தப் பக்கம்?” என்று கேட்டிருக்கக்கூடும்.

இப்பொழுது சம்பளத்துக்கு ஆடும் அணிகளுக்கு வருவோம். கிரிக்கெட்டிலே சென்னை சூப்பர் கிங்ஸ் 2008இல் தோன்றியது. கொச்சிக்கும் ஓர் அணி 2011இல் பிறந்து, ஒரே ஆண்டிலே மறைந்தது. கால்பந்திலே கேரளா பிளாஸ்டர்ஸ், சென்னையின் என்னும் இரண்டு அணிகளும் 2014இல் ஒன்றாகவே களம் இறங்கின. என் தலைமுறையைச் சேர்ந்த பலர் இவற்றை ஏளனம் செய்வார்கள். ஏலத்திலே எடுத்த ஆட்களைக் கொண்டு ஊர்ப்பற்றை வளர்க்க முடியுமா என்பது அவர்கள் கேள்வி. நான் அவர்களோடு முரண்படுகிறேன். மாநில அணி ஒருவனை, ‘உன் ஊர் எது?’ என்று கேட்கிறது. இந்த அணிகள் கேட்பதில்லை. ராஞ்சியிலிருந்து வந்த தோனியைச் சென்னை மக்கள் ‘தல’ என்று அழைத்தார்கள். கனடாவிலிருந்து வந்த இயன் ஹ்யூமைக் கேரள இளைஞர்கள் அண்ணனாக்கி ‘ஹ்யூமேட்டன்’ என்றார்கள். என்னை இத்தெருவார் ‘அண்ணாச்சி’ என்பதும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். வந்தேறிகளால் ஆன அணிக்கு வந்தேறி ஒருவன் கைதட்டுவதில் என்ன குற்றம்?

ஆகவே நான் ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். கிரிக்கெட்டிலே சென்னை, கால்பந்திலே கேரளம். இதிலே ஒரு சிக்கனமும் உண்டு. சென்னைக் கிரிக்கெட் அணியின் நிறமும் மஞ்சள், பிளாஸ்டர்ஸின் நிறமும் மஞ்சள். என் பேரனுக்கு ஒரு சட்டை வாங்கினால் இரண்டு ஆட்டத்துக்கும் போதும்.

ஆனால் உள்ளம் ஏற்பாட்டுக்கு அடங்குமா? 2014ஆம் ஆண்டு டிசம்பரிலே அரையிறுதியில் அவ்விரு கால்பந்து அணிகளும் மோதின. கொச்சியில் நடந்த முதல் ஆட்டத்தில் கேரளம் மூன்று கோல், சென்னைக்கு ஒன்றுமில்லை. நான் முறைப்படி மகிழ்ந்தேன். சென்னையில் நடந்த இரண்டாவது ஆட்டத்திலோ, சென்னை அணி ஒன்று, இரண்டு, மூன்று என்று திருப்பி அடித்துக் கணக்கைச் சரிசெய்தது. அந்த மூன்றாவது கோல் விழுந்தபொழுது என் கைகள் என்னைக் கேளாமலே தட்டிவிட்டன. கடையிலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கூடுதல் நேரத்தின் 117ஆம் நிமிடத்திலே பியர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கேரளத்துக்காக ஒரு கோல் போட்டு என் மானத்தைக் காப்பாற்றினார். அன்றைய தேநீருக்கும் பழம்பொரிக்கும் நானே பணம் கொடுத்தேன். நண்பர் மறுக்கவில்லை.

அமெரிக்காவிலே பேஸ்பால் என்றோர் ஆட்டம் உண்டு. நியூயார்க் நகரத்திலே டாட்ஜர்ஸ், ஜயன்ட்ஸ் என்னும் இரண்டு அணிகள் தீராப் பகை கொண்டிருந்தன. 1957ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் இரண்டும் ஊரைவிட்டே புறப்பட்டு, ஒன்று லாஸ் ஏஞ்சலீஸிலும் மற்றொன்று சான்பிரான்சிஸ்கோவிலும் குடியேறின. அணிகளோடு பகையும் பயணம் செய்து, மேற்குக் கரையிலே வேரூன்றி இன்றும் தழைத்திருக்கிறது. குடிபெயர்கிறவன் தட்டுமுட்டுச் சாமான்களை விட்டுவிட்டாலும் இதை விடுவதில்லை போலும். நியூயார்க்கிலே தங்கிவிட்ட ரசிகர்களுடைய நிலைதான் பரிதாபம். அணியும் போயிற்று, ஏசுவதற்கு எதிரியும் இல்லை.

அந்தப் பரிதாபம் எனக்கும் நேரும் என்று நான் நினைக்கவில்லை. முதலில் 2025ஆம் ஆண்டு ரஞ்சிக் கோப்பை வந்தது. காலிறுதியிலே விதர்ப்பா தமிழ்நாட்டைத் தோற்கடித்துவிட்டது. அரையிறுதியிலே குஜராத்தைவிட முதல் இன்னிங்ஸில் இரண்டே ஓட்டம் கூடுதலாக எடுத்த பலத்தால் கேரளம் முதன்முதலாக இறுதிக்கு வந்தது. குஜராத்தின் கடைசி ஆட்டக்காரர் அடித்த பந்து, அருகில் நின்ற சல்மான் நிசாரின் தலைக்கவசத்திலே மோதி எழும்பி, தலைவர் சச்சின் பேபியின் கைகளில் விழுந்தது. அந்தப் பருவத்திலே கேரளத்துக்காக ஆடியவர்களில் நம் சென்னைப் பிள்ளை பாபா அபராஜித்தும் ஒருவர். இறுதியிலே எதிரி அதே விதர்ப்பா. நம் பழியையும் கேரளமே தீர்க்கவேண்டும் என்று ஐந்து நாளும் ஒரு மனதாக இருந்தேன். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்து, முதல் இன்னிங்ஸில் முந்திய விதர்ப்பா கோப்பையைக் கொண்டுபோயிற்று. அன்று கடையிலே நண்பர் என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை.

அடுத்தது 2025 நவம்பர். விழிஞ்ஞத்துக்குப் பக்கத்திலே பிறந்த சஞ்சு சாம்சனை ராஜஸ்தான் அணியிடமிருந்து சென்னை அணி பெற்றுக்கொண்டது. அதற்கு ஈடாக ஜடேஜாவையும் சாம் கரனையும் கொடுத்தது. சஞ்சுவின் தந்தையும் பிழைப்புக்காக வெளியூர் சென்றவரே. டெல்லிப் போலீஸிலே பணியாற்றி, டெல்லிக்காகச் சந்தோஷ் கோப்பையிலே கால்பந்து ஆடி, மகனுடைய கிரிக்கெட்டுக்காக வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊர் திரும்பியவர். செய்தி வந்த அன்று மாலை கடைக்குப் போனேன். எத்தனையோ ஆண்டுகளாகச் சென்னை அணியை வாயார வைது வந்த நண்பர், “நம் சென்னை இந்தத் தடவை எப்படி?” என்று விசாரித்தார். ‘நம்’ என்ற சொல்லை அவர் அவ்வளவு இயல்பாகச் சொன்னார். ஜடேஜாவை இழந்த துயரத்தை நான் எடுத்துரைத்தேன். அவரோ அதைக் காதில் வாங்கவில்லை; மஞ்சள் சட்டை எந்தக் கடையிலே கிடைக்கும், தம் உடம்புக்கேற்ற அளவு இருக்குமா என்பதுதான் அவருடைய கவலை.

எனக்கு மகிழ்ச்சிதான். இருந்தாலும், கிரிக்கெட்டிலே சண்டையிட ஆளில்லாமல் மாலைப்பொழுது கழிவது கடினமாக இருக்கிறது. சென்னையின் அணியின் நீலச் சட்டை ஒன்றைப் பேரனுக்கு வாங்கி, அதை அவனுக்கு அணிவித்து ஒருநாள் கடைக்கு அழைத்துச் சென்றாலென்ன என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.