கல்பாசி காட்டும் ரசாயன நெறி



ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து நிற்கும் நம் செஞ்சிக் கோட்டை, 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றபோது நாமெல்லோரும் பெருமிதம் கொண்டோம். 1677-இல் சிவாஜி இதைக் கைக்கொண்டதையும், 1698-இல் மொகலாயப் படை இதை வென்றதையும் நம் பிள்ளைகள் பாடமாகப் படிக்கிறார்கள். ஆயினும், அந்த மதில்களிலும், பனைமலைமீது ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய ஆலயத்தைத் தாங்கும் பாறையிலும், சாம்பலும் மஞ்சளும் வெளிர்பச்சையுமாகப் பொருக்குத் தட்டிப் படர்ந்திருக்கும் ஓர் எளிய ஜீவராசியைப் பற்றி எவரும் பேசுவதில்லை. இன்று அதைப் பற்றிப் பேசவே உங்கள் முன் நிற்கிறேன்.

தாவர சாஸ்திரிகள் லைக்கன் என்று அழைக்கும் இது, பார்வைக்கு ஒன்றாயினும் உண்மையில் ஒன்றன்று; பூஞ்சையும் பாசியும் கூடி நடத்தும் இல்லறம் இது. பூஞ்சை ஈரத்தைத் தேக்கி உறைவிடம் அமைக்க, பாசி சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கிறது. 1867-இல் ஸ்விட்ஸர்லாந்து அறிஞர் ஷ்வெண்டனர் இவ்வுண்மையை வெளியிட்டபோது, அக்காலத்து வல்லுநர் பலர் அதை ஏற்க மறுத்தனர். பள்ளி ரசாயனசாலையில் அமிலத்தைச் சோதிக்கும் லிட்மஸ் இந்தக் குலத்தின் கொடை. செட்டிநாட்டுக் குழம்புக்கும் பிரியாணிக்கும் மணம் ஊட்டும் கல்பாசியும் இந்தக் குலத்தைச் சேர்ந்ததே.

அந்தக் கல்பாசிக் குலம் இன்று, உலோகத்தை நானோமீட்டர் அளவுத் துகள்களாக்கும் புதியதொரு தொழிலுக்கும் வந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறே நானோமீட்டர். உலோகத்தைச் சில பத்து நானோமீட்டர் அளவுக்கு நுணுக்கிவிட்டால் அதன் நிறமும் குணமும் மாறிவிடுகின்றன. தங்கம் செந்நிறம் கொள்ளும் இந்த விந்தையை 1857-இலேயே மைக்கேல் பாரடே ஆராய்ந்திருக்கிறார். ஆனால் இத்துகள்களைச் செய்வதற்கு, ஹைட்ரஸீன், சோடியம் போரோஹைட்ரைடு போன்ற நச்சு ரசாயனங்களையே பெரும்பாலும் நம்பியிருந்தார்கள்.

அவற்றைத் தவிர்க்கும் வழி ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள். உலர்ந்த கல்பாசியைத் தூளாக்கித் தூய நீரில் காய்ச்சி வடிகட்டிய சாற்றை, நிறமற்றுத் தெளிந்திருக்கும் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் சேர்த்து வைத்தால், சில மணி நேரத்தில் அது மஞ்சளாகிப் பின்பு கரும்பழுப்பாகிறது. சாற்றிலுள்ள பீனாலியப் பொருள்கள் வெள்ளி அயனிக்கு எலக்ட்ரானை ஈந்து அதைத் திரும்பவும் உலோகமாக்குகின்றன. அங்ஙனம் பிறந்த துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடாதபடி, அதே சாறு அவற்றின் மேல் கவசமாகப் படிகிறது. ஆக்கும் வேலையையும் காக்கும் வேலையையும் ஒரே சாறு செய்துவிடுகிறது. 2014-இல் மலேசிய ஆராய்ச்சியாளர்கள் பார்மோட்ரீமா என்னும் லைக்கனின் நீர்ச்சாற்றைக் கொண்டு, சராசரி 19 நானோமீட்டர் அளவுள்ள வெள்ளித் துகள்களை ஆக்கி, அவை நோய்க்கிருமிகளை ஒடுக்குவதையும் கண்டார்கள். நம் சென்னையிலும் கல்பாசியைக் கொண்டு இத்தகைய ஆய்வு நடந்திருக்கிறது.

எனினும், ஆய்வுக்கூடத் தட்டில் கிருமியை ஒடுக்கியதனாலேயே ஒரு பொருள் மருந்தாகிவிடாது. அத்துடன், கிருமியைக் கொல்லும் வெள்ளி, ஏரியிலும் குளத்திலும் கலந்தால் அங்குள்ள நுண்ணுயிர்களையும் விட்டுவைக்காது. இவற்றினும் முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. லைக்கன்களில் பல, ஆண்டுக்குச் சில மில்லிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. உள்ளங்கையளவு பரவிய ஒரு படலத்தைச் சுரண்டியெடுக்க ஒரு நிமிஷம் போதும். அது மறுபடி பரவப் பல ஆண்டுகள் வேண்டும். நச்சு ரசாயனத்தைத் தவிர்த்துவிட்டோம் என்று மகிழ்ந்துகொண்டே மலைப்பாறைகளை மொட்டையாக்குவோமானால், அந்த முறைக்குச் சுற்றுச்சூழலுக்கு இசைந்தது என்ற பெயர் எவ்வகையில் பொருந்தும்?

ஆகவே என் துணிபு இது: துகளை ஆக்கும் வழி தூயதாக இருந்தால் மட்டும் போதாது; மூலப்பொருளைப் பெறும் வழியும் தூயதாக இருக்கவேண்டும். மளிகைக் கடைகளில் கல்பாசி மூட்டைகளின் அடியில் தங்கும் தூளைப் பயன்படுத்தட்டும். காற்றில் முறிந்து தானே உதிர்ந்த கிளைகளில் உள்ளதைச் சேகரிக்கட்டும். லைக்கனின் பூஞ்சையை ஆய்வுக்கூடத்திலேயே வளர்க்கும் முயற்சிகள் பெருகட்டும்.

மாணவச் செல்வங்களே, அடுத்தமுறை கோட்டைக்குச் செல்லும்போது ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துச் செல்லுங்கள். பாறையில் படர்ந்திருப்பதைப் பாருங்கள், படம் வரையுங்கள், எங்கே எந்த நிறத்தில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று குறித்து வையுங்கள். நகத்தாலும் கத்தியாலும் அதைத் தீண்டாதீர்கள். ஆசிரியர்களே, அந்தக் குறிப்புகளை ஆண்டுதோறும் பள்ளியில் பாதுகாத்து வாருங்கள். நம் ஊர்ப் பாறைகளை ஆராய நாளை வரும் விஞ்ஞானிக்கு அதைவிடப் பெரிய உபகாரம் இராது.