கைப்பேசியும் ஓர் அமானிதமே!

(இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அஸர் தொழுதுவிட்டு, கடையைப் பையன்களிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். மஃரிபுக்குள் முடித்துவிடுகிறேன்.

உங்களில் எத்தனை பேர் தொழுகை நேரத்தைக் கைப்பேசியில் பார்க்கிறீர்கள்? கையை உயர்த்துங்கள் பார்ப்போம். ஏறக்குறைய எல்லோருமே! நானும்தான். வெளியூர் போனால் கிப்லா எந்தப் பக்கம் என்று முன்பெல்லாம் விடுதிக்காரரிடம் கேட்போம். இப்போது கையில் இருக்கும் பெட்டியே சொல்லிவிடுகிறது. ஆனால், கிப்லாவைச் சொல்ல வேண்டுமானால் நீங்கள் நிற்கும் இடம் அதற்குத் தெரிந்தாக வேண்டும் அல்லவா? சங்கதி அங்கேதான் இருக்கிறது.

2020 நவம்பரில் அமெரிக்காவின் மதர்போர்டு என்ற செய்தித்தளம் ஓர் உண்மையை வெளியிட்டது. 'முஸ்லிம் புரோ' என்ற தொழுகைச் செயலியை அப்போதே 9 கோடியே 80 லட்சம் தடவைக்கு மேல் உலக முஸ்லிம்கள் பதிவிறக்கம் செய்திருந்தார்கள். அந்தச் செயலிக்குள் எக்ஸ்-மோட் என்ற நிறுவனத்தின் சிறு நிரல் ஒன்று செருகப்பட்டிருந்தது. கைப்பேசி எங்கெங்கே போகிறது என்பதை அது அனுப்பிக்கொண்டே இருந்தது. எக்ஸ்-மோட் அந்த விவரத்தை ஒப்பந்தக்காரர்களுக்கு விற்றது. அவர்கள் வழியாக அது அமெரிக்க ராணுவம் வரை போனது!

எண்ணிப் பாருங்கள் சகோதரர்களே! ஒளூச் செய்துவிட்டு நேரம் பார்க்கத் திறந்த செயலி, நாம் நின்ற இடத்தைக் காசாக்கியிருக்கிறது.

"அதில் பெயர் இல்லையே, வெறும் எண்கள்தானே" என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். ஒரு கைப்பேசி இரவெல்லாம் ஒரே வீட்டில் இருக்கிறது, பகலெல்லாம் ஒரே கடையில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை மதியம் ஒரே பள்ளிவாசலில் இருக்கிறது. அது யாருடையது என்று கண்டுபிடிக்கப் பெயர் எதற்கு? உங்கள் தெருப் பால்காரரே சொல்லிவிடுவார்.

செய்தி வெளியானதும் அந்த நிறுவனத்தோடு உறவை முறித்துக்கொள்வதாகச் செயலியினர் அறிவித்தார்கள். அடுத்த மாதமே ஆப்பிளும் கூகுளும் எக்ஸ்-மோட் நிரலைத் தங்கள் செயலிகளிலிருந்து நீக்கச் சொல்லின. 2024 ஜனவரியில்தான் அமெரிக்க வணிக ஆணையம், மருத்துவமனை, வழிபாட்டுத்தலம் போன்ற இடங்களுக்கு யார் போகிறார்கள் என்ற விவரத்தை அந்த நிறுவனம் விற்கக் கூடாதென்று தடுத்தது. ஆனால் விற்றது விற்றதுதான். விற்ற அரிசியைத் திரும்ப வாங்கலாம், விற்ற விவரத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

இதில் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. "நாங்கள் திருடவில்லை, பயனாளர் சம்மதம் கொடுத்தார்" என்பதுதான் இத்தகைய நிறுவனங்களின் வழக்கமான வாதம். எந்தச் சம்மதம்? பக்கம் பக்கமாகப் பொடி எழுத்தில் ஓடும் நிபந்தனைகளின் அடியில் நாம் படிக்காமல் தட்டிய ஒரு தட்டு! துணியில் உள்ள கிழிசலை மடிப்புக்குள் மறைத்து விற்றால் நமது ஷரீஅத் அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறது? வாங்கியவர் பிரித்துப் பார்க்காதது அவர் குற்றம் என்று எந்த ஆலிமும் ஃபத்வா கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

சரி, அமெரிக்காக்காரனைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா? முடியாது. நம் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

என் கடையிலே நடந்ததைச் சொல்கிறேன். பில் போடும்போது வாடிக்கையாளரின் கைப்பேசி எண்ணை வாங்கி எழுதுவது எங்கள் பழக்கம். பெருநாள் தள்ளுபடிச் செய்தி அனுப்பலாமே என்றுதான். ஒருநாள் ஒரு பெரியவர் வந்தார். சத்தம் போடவில்லை. "பாய், என் மகள் உங்கள் கடையில் துணி எடுத்த நாளிலிருந்து ஒருவன் அவளுக்கு இரவில் செய்தி அனுப்புகிறான்" என்று சொல்லிக் கைப்பேசியைக் காட்டினார். அந்த எண் என் கடைப் பையனுடையது! பில் புத்தகத்திலிருந்து எடுத்திருக்கிறான். பையனை அன்றே அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தப் புத்தகத்தை எவர் கையும் படும்படி மேசைமேல் போட்டு வைத்தவன் யார்? நான்தானே! அந்தப் பெரியவர் அதன்பின் என் கடைப் படி ஏறவில்லை.

எண் தராவிட்டால் பில் போட மாட்டோம் என்று வற்புறுத்தக் கூடாதென்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். அரசுக்கு அந்தச் சட்டம் நிறைய விலக்கு கொடுத்திருக்கிறது, அது வேறு கதை, இன்னொரு நாள் பேசுவோம். சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் செய்யாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். வேலையாட்களிடம் வாங்கி வைத்த ஆதார் நகல்கள் பொட்டலம் மடிக்கும் காகிதத்தோடு கிடந்ததை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இளைஞர்களே! இனி உங்களிடம் வருகிறேன். கசப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2021 ஜூலையிலும் 2022 புத்தாண்டிலும் முஸ்லிம் பெண்களின் படங்களைத் திருடி, 'ஏலம்' என்று போட்டு இழிவுபடுத்திய செயலிகள் வந்தன. நாம் கொதித்தோம், நியாயமான கொதிப்பு. ஆனால் 2023 மார்ச்சில் வேலூர்க் கோட்டையில் நடந்தது என்ன? ஆண் நண்பருடன் வந்த ஒரு பெண்ணை ஒரு கும்பல் மறித்து, ஹிஜாபைக் கழற்றச் சொல்லிப் படம் பிடித்துப் பரப்பியது. ஒரு சிறுவன் உட்பட 7 பேர் கைதானார்கள். கைதானவர்களில் நம் சமுதாயப் பிள்ளைகளும் இருந்தார்கள்! சமுதாய மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று ஒரு பெண்ணின் முகத்தை ஊரெல்லாம் அனுப்பினால், அந்த ஏலக்காரனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? பிறர் குறையைத் துருவித் தேடாதே என்ற கட்டளை எந்த அத்தியாயத்தில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

வந்த செய்தியை அப்படியே அனுப்புவதும் இதில் சேர்ந்ததுதான். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். அந்தப் பயத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனது வாட்ஸ்அப் வதந்தி. 2020இல் அதே வாட்ஸ்அப் தப்லீக் ஜமாஅத்தினர் மீது பொய்ப் படங்களைச் சுமத்தியபோது அந்த வலி என்னவென்று நாம் அறிந்தோம். அந்த வலி தெரிந்த நாம், மற்ற சமூகத்தாரைப் பற்றி வரும் படத்தை விசாரித்துவிட்டுத்தான் அனுப்புகிறோமா? மனசாட்சியைக் கேளுங்கள்.

பாங்குக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது. கைப்பேசியை எடுங்கள். அமைப்புகளுக்குள் போய், இருப்பிட அனுமதி எந்தெந்தச் செயலிக்கு 'எப்போதும்' என்றிருக்கிறது என்று பாருங்கள். டார்ச் விளக்குச் செயலிக்கு நீங்கள் இருக்கும் இடம் எதற்கு? எடுத்துவிடுங்கள். பல தொழுகைச் செயலிகளில் ஊர்ப் பெயரை நாமே கொடுத்தால் போதும், நேரம் சரியாக வரும். தெரியாத பெரியவர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் தம்பிகள் செய்து கொடுங்கள். வஸ்ஸலாம்.