திறப்பு விழா இல்லாத வேலைகள்



இலக்கிய உரைத் தொடரிலே வந்து நின்றுகொண்டு, ஊர்ச் சபையின் வரவு செலவுக் கணக்கைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றால், "இவருக்கு இன்றைக்கு வேறு விஷயம் கிடைக்கவில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயந்தான். ஆனால், ஒரு சமூகம் யாரை நினைவில் வைத்திருக்கிறது, யாரை மறந்துவிடுகிறது என்பதை எடுத்துக்காட்டுவது இலக்கியத்தின் பணிகளிலே ஒன்று என்று நாம் ஒப்புக்கொள்வோமானால், அதே செய்தியை இலக்கங்களிலே சொல்லும் ஏடு ஒன்று ஒவ்வோர் ஊரிலும் ஆண்டுதோறும் எழுதப்படுகிறது. அதுதான் உள்ளூராட்சிச் சபையின் பாதீடு.

அரசின் பொருள் சார்ந்த பணிகளை வள்ளுவர் நான்காக எண்ணினார். வருவாய்க்கு வழி காண்பது, சேர்ப்பது, காப்பது என்ற மூன்றுக்கும் பின்னர்தான் பங்கிட்டுச் செலவிடுவதை வைத்தார். கடைசியில் வைத்ததனால் அது சிறிய வேலை என்று கொள்ளலாகாது. முன்னைய மூன்றும் யாருக்காகச் செய்யப்பட்டன என்பது அந்த நான்காவதிலேதான் தெரியவருகிறது.

நான் வாழ்வது மலையகத்தின் ஒரு சிறு நகரத்திலே. பெயர் வேண்டாம். உங்கள் ஊரின் பெயரைப் போட்டுக்கொண்டாலும் பெரும்பாலும் பொருந்தும். ஒரு பிரதான வீதி, ஒரு பஸ் நிலையம், ஒரு சந்தை, ஒரு மணிக்கூட்டுக் கோபுரம், நாலா பக்கமும் தேயிலை. 2019ஆம் ஆண்டு டிசம்பரிலே அங்கே நடந்த பாதீட்டுக் கூட்டத்தைப் பார்வையாளர் வாங்கில் இருந்து கேட்டேன். பார்வையாளர்கள் மூன்று பேர். மற்ற இருவரும் கடை வாடகை விஷயமாகத் தவிசாளரைக் காண வந்தவர்கள்.

நகரின் நுழைவாயிலிலே ஒரு வரவேற்பு வளைவு கட்டுவது பற்றி அன்று நீண்ட நேரம் விவாதம் நடந்தது. வளைவு எவ்வளவு உயரம், எந்த மொழி மேலே, எந்த மொழி கீழே, நினைவுக்கல்லிலே யார் யாருடைய பெயர் என்றெல்லாம் பேசினார்கள். அது முடிந்ததும் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு வர்ணம் பூசும் விஷயம் வந்தது. கான் துப்புரவு, தெருவிளக்கு, பொது மலசலகூடம் ஆகிய மூன்றும் அந்த ஏட்டிலே ஒரே பக்கத்தில் இருந்தன. ஒருவர் தண்ணீர்க் குவளையை எடுத்துக் குடித்து வைப்பதற்குள் அந்தப் பக்கம் புரட்டப்பட்டுவிட்டது.

இதனை உறுப்பினர்களின் அறியாமை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அது முழு விளக்கம் ஆகாது. சபைக்கு வரும் பணம் இரண்டு வகையானது. ஆதன வரி, வியாபார உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை, கடை வாடகை, மாகாணத்தின் ஊடாகக் கிடைக்கும் முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் ஆகியவை ஒரு வகை. அமைச்சுக்களிலும் மாகாண சபையிலும் இருந்து திட்டங்களுக்கென்று வரும் பணம் மற்றது. இந்த இரண்டாவது பணம் பெரும்பாலும் கட்டடம் என்றோ வீதி என்றோ பெயர் சூட்டிக்கொண்டுதான் வந்து சேரும். அதைக் கொண்டு ஒன்றைக் கட்டலாம். கட்டியதைக் கழுவ முடியாது. கழுவுவதற்கும், கூட்டுவதற்கும், எரிந்துபோன மின்குமிழை மாற்றுவதற்கும் சபையின் சொந்த வருமானம் வேண்டும். அந்த வருமானமோ பழைய மதிப்பீட்டிலே நின்றுவிட்ட ஆதன வரியையும், ஆண்டுக்காண்டு பெருகும் நிலுவையையும் நம்பி இருக்கிறது. வரியைத் திருத்தினால் வாக்குப் போய்விடும் என்ற பயம் எல்லாக் கட்சிக்காரருக்கும் உண்டு.

இன்னொரு காரணம் மனித சுபாவம். ஒரு கட்டடத்துக்கு நாடா வெட்டலாம், படம் எடுக்கலாம், பெயரைக் கல்லிலே பொறிக்கலாம். அடைத்துக்கொள்ளாத கானுக்கு யார் நாடா வெட்டுவார்? ஆண்டு முழுவதும் ஒழுங்காக எரிந்த தெருவிளக்குக்கு முன்னால் நின்று யார் படம் எடுப்பார்? திறப்பு விழா இல்லாத வேலைகள் எல்லாம் பாதீட்டிலே பின்பக்கத்துக்குப் போய்விடுகின்றன. ஆனால், ஓர் ஊரிலே மனிதர் மானத்தோடு நடமாடுவதற்கு வேண்டியவை பெரும்பாலும் அந்தப் பின்பக்கத்து வேலைகளே.

எங்கள் பஸ் நிலையத்தின் பெண்கள் மலசலகூடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அழகான கட்டடம். வாசலிலே நினைவுக்கல்லும் உண்டு. திறந்துவைத்து இரண்டாவது வருடத்திலே தண்ணீர்க் குழாய் பழுதாயிற்று. பிறகு அங்கே வேலைக்கு நின்றவருக்குச் சம்பளம் கொடுக்க ஒதுக்கீடு இல்லாமற் போயிற்று. கதவுக்குப் பூட்டு விழுந்தது. எங்கள் வீட்டுக்கு வாரம் ஒருமுறை மரக்கறி கொண்டுவரும் தோட்டத்து அம்மா ஒருவர் இருக்கிறார். ஒருநாள் வெயிலிலே களைத்துப்போய் வந்தவருக்குத் தேநீர் கொடுத்தோம். அவர் வாங்கவில்லை.

"வேணாங்க ஐயா. டவுனுக்கு வார அன்னிக்கு நான் காலையிலயே தேத்தண்ணி குடிக்கிறதில்ல. வீட்டுக்குப் போய்த்தான் குடிப்பேன்" என்றார்.

நேயர்களே, தேயிலை பறித்தே வாழ்நாளைக் கழித்த ஒரு பெண், நகரத்துக்கு வரும் நாளிலே தேநீர் குடிக்கப் பயப்படுகிறார். இதற்கு மேல் அந்தப் பாதீட்டுக்கு விமர்சனம் எழுத எனக்குத் தெரியாது.

அந்த அம்மாவின் நிலையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மலையகத்தின் சிறு நகரங்களிலே எல்லை என்பது ஒரு விசித்திரமான கோடு. ஹட்டன்-டிக்கோயா, தலவாக்கலை-லிந்துலை போன்ற நகரசபைகளின் எல்லையைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் நடந்தாலே தோட்டம் வந்துவிடும். அங்கிருந்து பிரதேச சபையின் பகுதி. தோட்டத்து மக்கள் சம்பளப் பணத்தைக் கொண்டுவந்து நகரத்துக் கடைகளிலே செலவிடுகிறார்கள். சந்தைக் குத்தகையும் கடை உரிமமும் கொழிப்பது அவர்களாலே. ஆனால் நகரசபைத் தேர்தலிலே அவர்களுக்கு வாக்கு இல்லை. அவர்கள் நகரசபையின் எல்லைக்குள் குடியிருப்பவர்கள் அல்லர்.

சரி, அவர்களுக்கு வாக்குள்ள பிரதேச சபையாவது அவர்களைக் கவனித்ததா? பிரதேச சபைகள் சட்டம் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். 1991ஆம் ஆண்டுத் தேர்தலோடு அச்சபைகள் இயங்கத் தொடங்கின. அச்சட்டத்தின் 33ஆம் பிரிவின்படி, தோட்டக் குடியிருப்புகளுக்குள்ளே சபை தன் பணத்தைச் செலவிட இடமில்லை என்றே நடைமுறையிலே கொள்ளப்பட்டது. தோட்டத்துப் பாதையும், கிணறும், லயத்துக் கானும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்பது அதன் கருத்து. 1992இலே அந்த நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. கம்பனி சபையைக் காட்டியது. சபை சட்டத்தைக் காட்டியது. லயத்து வாசலிலே சேறு நின்றது.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவரான ஒரு மக்கள் கூட்டம், 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையிலே படிப்படியாகப் பிரஜாவுரிமை பெற்று, வாக்கும் பெற்றது. ஆனால் வாக்குப் பெற்ற பிறகும், தம் வாக்கால் வந்த உறுப்பினரைக் கொண்டு தம் வாசலிலே ஒரு கானைக் கட்டுவிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 2018ஆம் ஆண்டிலேதான் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலுக்கு முன்னர், நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பிரதேச சபைகள் ஆறாக்கப்பட்டன. கொட்டகலை, அக்கரப்பத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் ஆகியவை புதிய சபைகளாயின. அந்த இரு பிரதேச செயலாளர் பிரிவுகளிலும் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஒவ்வொன்றிலும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தார்கள் என்பதை எண்ணினால், அது எவ்வளவு காலங்கடந்த மாற்றம் என்பது விளங்கும்.

சட்டத்தின் கதவு திறந்தது நல்ல காரியம். ஆனால் கதவு திறந்ததும் அறை நிறைந்துவிடுவதில்லை. கடைத்தெருக்கள் நகரசபைகளுக்குள் அகப்பட்டுக்கொள்ள, லயங்கள் மட்டும் பங்குக்கு வந்த சபைக்கு வருமானம் எங்கிருந்து வரும்? ஆகவே இன்று கேட்க வேண்டிய கேள்வி, தோட்டத்திலே செலவிட அனுமதி உண்டா என்பதல்ல. எவ்வளவு செலவிடுகிறீர்கள் என்பதே.

இந்தக் கேள்வியைக் கேட்பதற்குச் சபைகளே இல்லாமலிருந்த ஒரு காலமும் அண்மையிலே கழிந்தது. 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், பணம் இல்லை என்று சொல்லப்பட்டு நடைபெறவில்லை. அதனால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டிலே தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் திகதிதான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளிலே சபைகளை அதிகாரிகளே நடத்தினார்கள். ஊரார் பெரிதாகக் குரல் எழுப்பவில்லை. சபை இருந்தபோது அதன் ஏட்டைப் புரட்டாதவர்கள், அது இல்லாதபோது எதைத் தேடுவார்கள்?

நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பயனாக, 2018 முதல் சபைகளிலே நூற்றுக்கு 25 வீதம் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டது. அதற்கு முன்னர் நூற்றுக்கு இரண்டு பெண்கள் இருந்தாலே அதிகம். பூட்டிய மலசலகூடத்தின் முன்னே நின்று திரும்பியவர்கள் சபைக்குள்ளும் இருந்தால், அந்தப் பக்கம் அவ்வளவு விரைவாகப் புரட்டப்படாது என்று எதிர்பார்க்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இருக்கிறது. சாதாரணப் பிரசை ஒருவர் எழுதிக் கேட்டால், தகவல் தருவதா இல்லையா என்பதைச் சபை 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்து அறிவிக்க வேண்டும்.

எழுத்தாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மலையகச் சிறுகதை லயத்தை எழுதியது, பீலிக்கரையை எழுதியது, பிரட்டுக்களத்தை எழுதியது. அந்தச் சாதனை பெரிது. ஆனால் சபை மண்டபத்துக்குள் நுழைந்த கதை என் வாசிப்பிலே மிகக் குறைவு. துரையின் கையிலே இருந்த அதிகாரத்தை நாம் எழுதத் தெரிந்துகொண்டோம். நாமே வாக்களித்து அனுப்பியவரின் கையிலுள்ள அதிகாரத்தை எழுத இனிமேல்தான் பழக வேண்டும். அது கோபத்தால் மாத்திரம் எழுதக்கூடியதல்ல. கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நேயர்களாகிய உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் சபைக்கு ஒரேயொரு கேள்வியை எழுதி அனுப்புங்கள். பஸ் நிலையத்து மலசலகூடத்தின் தண்ணீருக்கும், அதைத் துப்புரவு செய்பவரின் சம்பளத்துக்கும் இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினீர்கள், அதில் எவ்வளவு செலவாயிற்று? பதில் வந்ததும் அண்டை வீட்டாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். இரண்டு இலக்கங்கள்தான் அதிலே இருக்கும். உங்கள் ஊரைப் பற்றி இதுவரை வாசித்த எந்த எழுத்தைக் காட்டிலும் அவை அதிகம் சொல்லக்கூடும்.